முயலின் வயிறு கெட்டது புல்லாலா, பாணாலா?

கேள்வி: தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டம் ஒன்றில் வசிக்கிறோம். நான் ஆசிரியை. என் மகளுக்குப் பத்து வயது. அவளுடைய பிடிவாதத்தால் ஏழு மாதங்களுக்கு முன் இரண்டு முயல்குட்டிகளை வாங்கினோம். வெள்ளை முயலுக்கு ஒரு குறையும் இல்லை. சாம்பல் நிற முயல் கொழுகொழுவென்று இருந்தாலும், அதன் பின்புறத்தில் அடிக்கடி களிபோல ஏதோ ஒட்டிக்கொண்டு நாறுகிறது. காலையில் இரண்டுக்கும் பாண் துண்டும் கரட்டும் கொடுக்கிறோம். மாலையில் சந்தையில் கழித்துப் போடும் கோவா இலை, கோழித் தீவனம் ஒரு கைப்பிடி. முன்பு புல்லும் போட்டோம். ஜூன் மாத மழை தொடங்கியதும், ஈரப்புல் முயலுக்கு ஆகாது என்று மாமியார் சொன்னதால் நிறுத்திவிட்டோம். வயிறு பலவீனமான முயல் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பார்மசியில் விசாரித்தபோது, குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமொக்சிலின் பாணி மருந்தைக் கொஞ்சம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் கொடுக்கவில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் பெட்டித் தீவனம் ஏதாவது உண்டா? மகளும் ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள்: முயல் தன் பீயைத் தானே தின்கிறதே, அது ஏன்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பாணி மருந்துப் போத்தலை முயலுக்கு எட்டாத இடத்தில் மட்டுமல்ல, உங்கள் யோசனைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். அமொக்சிலின், அம்பிசிலின் முதலான பெனிசிலின் வகை மருந்துகளையும், கிளின்டமைசின், லின்கோமைசின் போன்றவற்றையும் முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது. முயலின் குடலில் புல்லைச் செரிக்கவைக்கும் நல்ல பக்டீரியாக்களை அவை அழித்துவிடும். அந்த இடத்தில் குளொஸ்ட்ரிடியம் என்னும் கெட்ட கூட்டம் பெருகி நஞ்சைச் சுரக்கும். நாய்க்கும் பிள்ளைக்கும் பழக்கமான மருந்து, முயலைச் சில நாட்களில் கொன்றுவிடக் கூடியது. பார்மசிக்காரரைக் குறை சொல்ல வேண்டாம். அவர் படித்தது மனிதர்களுக்கான மருந்து. முயலுக்குப் பொருந்தும் அன்டிபயோட்டிக்குகளும் இருக்கின்றன. ஆனால் உங்கள் முயலுக்கு இப்போது அவை தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடிதத்தில் என் கண்ணில் பட்டது “கொழுகொழுவென்று” என்ற சொல்தான். வயிறு உண்மையிலேயே பலவீனமாக இருந்து, நாள்தோறும் கழிச்சல் போகும் முயல் கொழுக்காது. எலும்பு தெரிய இளைக்கும். அதனால் பின்புறத்தில் ஒட்டியிருப்பது என்னவென்று முதலில் பார்ப்போம். மகளுடைய கேள்விக்கான பதிலும் அதிலேயே இருக்கிறது.

முயல் இரண்டு விதமாகப் புழுக்கை போடும். பகலில் கூட்டுக்குக் கீழே உருண்டு கிடக்கும், விரலால் நசுக்கினால் காய்ந்த புல் தூளாக உதிரும் உருண்டைகள் ஒரு வகை. அது வெறும் சக்கை. மற்றது பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் வருவது. கரும்பச்சையாக, பளபளவென்று, சின்னஞ்சிறு திராட்சைக் குலைபோல ஒட்டிக்கொண்டிருக்கும். முயலின் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் குருட்டுக்குடல் என்ற பெரிய பை இருக்கிறது. அதன் வயிற்றுக்குள் மிகப் பெரிய உறுப்பு அதுதான். புல் அங்கே போய்ப் புளித்து, பக்டீரியாக்களின் வேலையால் புரதமும் பி விட்டமின்களும் சேர்ந்த குழம்பாகிறது. அந்தக் குழம்பைத்தான் முயல் மெல்லிய சளிப்படலம் பூசிய குலைகளாக வெளியேற்றி, நிலத்தில் விழுவதற்கு முன்பே வாயால் எடுத்து விழுங்குகிறது. மாடு இரைமீட்டு இரண்டாம் தடவை மெல்வதைப்போல, முயல் இரண்டாம் தடவை உண்கிறது. மகளிடம் சொல்லுங்கள்: அது பீ அல்ல, சமைத்து முடித்த சாப்பாடு. அதைத் தடுத்தால்தான் முயல் நோயாளியாகும்.

பாண், பிஸ்கட், தானியம் என்று மாச்சத்து கூடும்போது இந்தக் குழம்பு இறுகாமல் களியாகிவிடும். குலையாக வராமல் தார்போல ஒழுகும். அளவுக்கு மீறி வருவதால் முயலும் அதை உண்ணாமல் விட்டுவிடும். உடல் பருத்த முயலாக இருந்தால், உண்ண நினைத்தாலும் முதுகை வளைத்து வாயை அங்கே கொண்டுபோக முடியாது. முயல் அதன்மேலேயே உட்காரும். பின்புறம் முழுவதும் அப்பிக்கொள்ளும். நீங்கள் பார்ப்பது அனேகமாக இதுதான்.

நாளை விடியற்காலை 5 மணிபோல டோர்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு கூட்டைப் பாருங்கள். களியோடு, வழக்கமான உருண்டைப் புழுக்கைகளும் கிடக்கின்றனவா? கிடந்தால் அது கழிச்சல் அல்ல, தீனிக் கோளாறு. உருண்டை ஒன்றுகூட இல்லாமல், எல்லாமே தண்ணீராகவோ சளியாகவோ போயிருந்தால் இந்தப் பதிலை மேற்கொண்டு படிக்காமல் அன்றே மிருக வைத்தியரிடம் போங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு முயலுக்கும் ஒரே பாத்திரத்தில்தான் வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பாண் துண்டைப் போட்டதும் யார் முதலில் பாய்கிறார் என்று பாருங்கள். வெள்ளைக்கு வயிறு வலிமையாக இருப்பதால் அல்ல, அதற்குப் பாண் கிடைக்காததால்தான் அது நன்றாக இருக்கிறது என்று நான் சந்தேகிக்கிறேன்.

இப்போது ஈரப்புல். உங்கள் மாமியார் சொன்னதை இந்த மலைநாட்டில் வீட்டுக்கு வீடு சொல்வார்கள். மழைக்காலத்தில் புல் தின்று செத்த முயலைக் கண்ணால் கண்டவர்கள்தான் சொல்கிறார்கள். ஆகவே அதைச் சிரித்துத் தள்ள முடியாது. ஆனால் கொன்றது புல்லின்மேல் இருந்த தண்ணீர் அல்ல. காட்டு முயல் மழைக்குக் குடை பிடித்துக்கொண்டா மேய்கிறது? கொன்றது சாக்கு. மழையில் இரண்டு தடவை வெளியே போக அலுத்து, ஒரே தடவையில் வெட்டி, உரச் சாக்கில் அமுக்கிக் கட்டி, இரண்டு நாளைக்கு வைத்துப் போடுவார்கள். அந்தச் சாக்கின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். சுடும்.

தோட்டத்தில் வாழ்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. ஈரக் கொழுந்தைச் சாக்கில் அமுக்கி வெயிலில் போட்டால் சூடேறிச் சிவந்துவிடும், தொழிற்சாலையில் அதை எடுக்கமாட்டார்கள். புல்லுக்கும் அதே கதைதான். சூடேறிய புல் சாக்குக்குள்ளேயே புளிக்கத் தொடங்கிவிடுகிறது, பூஞ்சணமும் பிடிக்கிறது. அதைத் தின்றால் குருட்டுக்குடலில் வாயு அடைக்கும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது முழுக் குடலையும் கடந்துதான் வெளியே வந்தாக வேண்டும்.

எனவே புல்லை நிறுத்தாதீர்கள், சாக்கை நிறுத்துங்கள். அந்தந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் அறுத்து, நன்றாக உதறி, இஸ்தோப்பில் ஒரு கயிற்றைக் கட்டி அதில் அரைமணி நேரம் தொங்கவிடுங்கள். தண்ணீர் சொட்டுவது நின்றால் போதும்.

எந்தப் புல்? கான் ஓரத்திலும் லயத்துக்குப் பின்னாலும் வளரும் கினிப்புல் மிக நல்லது. இளந்தளிரை மட்டும் கிள்ளாமல், தண்டும் பழுத்த இலையுமாக முற்றிய புல்லையும் சேர்த்து அறுங்கள். நமக்கு வேண்டியது அந்த நார்தான். மாட்டுக்கு வெட்டும் நேப்பியர், நுவரெலியாப் பக்கம் தரையோடு படரும் கிக்குயு, அறுகம்புல் எல்லாம் சரி. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் முளைத்த புல்லைமட்டும் தொடவே வேண்டாம். எந்த மலைக்கு எந்த நாளில் மருந்தடித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கிளைபொசேட் என்ற களைகொல்லியை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள். சட்டம் எப்படிப் போனாலும், அடித்த புல்லின்மேல் பெயர் எழுதியிருக்காது. நாய்கள் படுக்கும் இடத்திலும் பாதையோரத்திலும் அறுக்காதீர்கள்.

ஒரு முயல் தினமும் தின்ன வேண்டிய புல், அதன் உடம்பளவுக்கு ஒரு குவியல். படிக்கும்போது இது மிகையாகத் தோன்றும். முயலின் பல் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பது. முன்பல் மட்டும் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீற்றர் வளரும். புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். பாண் வாயில் வைத்ததும் கரைந்துவிடும். பல் தேயாத முயலுக்குக் கடைவாய்ப்பல் முள்ளாக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் குத்தும். அப்புறம் புல்லைக் கண்டாலே திரும்பிக்கொள்ளும். அதையும் “வயிறு சரியில்லை” என்றுதான் சொல்வார்கள். தாடையின் கீழே மயிர் ஈரமாக இருந்தால், அது பல் வலியால் வடியும் எச்சிலாக இருக்கலாம்.

காய்ந்த புல் கையிருப்பில் இருந்தால் மழைக்காலத் தலையிடி பாதி குறையும். வெளிநாட்டுத் திமோத்திப் புல் பெட்டியில் கிடைத்தாலும், அந்த விலைக்கு ஆசிரியச் சம்பளத்தில் இரண்டு முயல் வளர்ப்பது நியாயமில்லை. உங்கள் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் காயும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்து வாசகர்களுக்கு இது நேர்மாறு. நீங்கள் மழையில் நனையும் ஜூன் முதல் ஓகஸ்ட் வரைதான் அவர்களுக்கு உலர்ந்த காற்று. பூ விடும் பருவத்துக் கினிப்புல்லை வெயில் ஏறியபின் அறுத்து, தகரத்தின்மேலோ படங்கின்மேலோ மெல்லியதாகப் பரப்பி, நாளுக்கு இரண்டு மூன்று தடவை புரட்டுங்கள். மாலையில் பனி விழுமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று நல்ல வெயிலில் தண்டை மடக்கினால் படக்கென்று முறியும். நிறம் பச்சை மாறாமலும் மணம் இனிமையாகவும் இருந்தால் சரி. சாம்பல் தூள் பறந்தாலோ பழைய சுவர் வாசனை அடித்தாலோ தூர எறியுங்கள், கூட்டில் விரிக்கவும் வேண்டாம். காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டு வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் நம் குளிருக்கு உள்ளேயே வியர்த்துவிடும்.

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குடும்பம் இப்படிப் பின்புறம் அழுக்கான முயலைக் கொண்டுவந்தது. ஒரு நாள் பச்சையெல்லாவற்றையும் நிறுத்தி, சோற்றுக் கஞ்சி மட்டும் கொடுங்கள் என்றேன். வயிற்றுப்போக்கு வந்த நாய்க்குச் சொல்லும் புத்தியை முயலுக்குச் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் அது சாப்பிடுவதையே நிறுத்தியது, நான்காம் நாள் பெட்டியில் விறைத்துக் கிடந்தது. முயலுக்குப் பட்டினி மருந்தல்ல. குடல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும், அதை அசைப்பது நார். கொழுத்த முயல் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய் அடைந்து நிலைமை இன்னும் மோசமாகும்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. கோழித் தீவனத்தை இன்றோடு நிறுத்துங்கள். மாச்சத்து ஒரு பக்கம் இருக்க, கோழிகளுக்காக அதில் கலக்கும் சில மருந்துகள் முயலுக்கு நஞ்சு. பாணை ஐந்து நாட்களில் பாதி, கால் என்று குறைத்து நிறுத்துங்கள். அதே நாட்களில் வாட்டிய கினிப்புல்லை முதல் நாள் ஒரு கைப்பிடியாகத் தொடங்கி, இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாக்குங்கள். பத்து நாளில் கூடு நிறையப் புல் இருக்க வேண்டும். பாணுக்குப் பழகிய முயல் முதல் இரண்டு நாட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உங்கள் மகள் உருகிப்போய் யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டு பிஸ்கட் கொடுப்பாள். அங்கேதான் காவல் வேண்டும். ஆனாலும் புல்லை அறவே தொடாவிட்டால் பிடிவாதம் பிடிக்காமல், குறைக்கும் வேகத்தைத் தணியுங்கள்.

கோவாவை இரண்டு வாரங்களுக்கு நிறுத்தி வையுங்கள். எல்லா முயலுக்கும் அது வாயுவை உண்டாக்கும் என்றில்லை. கலங்கிய குடலுக்கு இப்போது வேண்டாம், அவ்வளவுதான். சந்தைக் கழிவைப் பற்றி எனக்கு வேறொரு பயமும் உண்டு. நுவரெலியா மரக்கறித் தோட்டங்களில் அடிக்கும் பூச்சிமருந்து அதிகமாக ஒட்டியிருப்பது இந்த வெளி இலைகளில்தான். கழுவாமல் எதையும் போடாதீர்கள். அந்தக் குவியலில் லீக்ஸ் தாளும் கலந்திருக்கும். லீக்ஸ் வெங்காயக் குடும்பம், முயலின் சிவப்பு இரத்த அணுக்களைச் சிதைக்கும். உருளைக்கிழங்குச் செடியின் இலையும் பச்சை படர்ந்த கிழங்கும் ஆகாது. வேலியோரத்துப் பெரணி, நாயுண்ணிச் செடி, எக்காளம்போல வெள்ளைப் பூ தொங்கும் ஊமத்தை, ஹைட்ரேஞ்சியா, ஆனைக்கொய்யாவின் இலையும் பழமும் எல்லாம் விலக்கப்பட்டவை. ஆனைக்கொய்யா மரம் வீட்டுக்கு வீடு நிற்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கரட்டைப் பற்றி நமக்கு எல்லோருக்கும் ஒரு படக்கதை மயக்கம். கிழங்கில் சீனி அதிகம். சாம்பல் நிற முயலுக்கு இப்போது அது வேண்டாம், பிறகு வாரத்தில் ஓரிரு தடவை சுண்டுவிரல் நுனியளவு போதும். முயலுக்குரிய பகுதி கரட்டின் இலை. சந்தையில் முறித்துக் கீழே போடுவார்களே, அந்தக் கொத்துத்தான். பத்து நாட்கள் புல்லிலேயே வயிறு அமைதியானபின், கழுவி உதறிய கரட் இலையில் ஒரு சிறு கொத்துக் கொடுத்து மூன்று நாட்கள் பாருங்கள். புழுக்கை மாறாவிட்டால் அடுத்து கொத்தமல்லி, அதற்கடுத்து ராபு இலை அல்லது வல்லாரை. ஒரே நாளில் இரண்டு புதிய இலைகளைத் தராதீர்கள். கெட்டால் எதனால் கெட்டது என்று தெரியாமல் போய்விடும். மகளிடம் ஒரு அப்பியாசக் கொப்பியைக் கொடுத்து, தேதி, கொடுத்த இலை, மறுநாள் காலைப் புழுக்கை என்று மூன்று நிரல் போடச் சொல்லுங்கள். என்னிடம் வரும் பெரியவர்களைவிட இந்த வயதுப் பிள்ளைகள் துல்லியமாக எழுதுகிறார்கள்.

பெட்டித் தீவனம் பற்றி நீங்கள் கேட்டதற்குக் கடைசியாகத்தான் வருகிறேன், அதன் இடமும் கடைசியே. வயிற்றுக்கென்று விசேடமாக ஒன்றைத் தேட வேண்டாம். வாங்கினால் ஒரே மாதிரிக் குருணைகளாக உள்ள பெலட்டை வாங்குங்கள். நார்ச்சத்து 18 வீதம் அல்லது அதற்கு மேல் என்று பொதியில் இருக்க வேண்டும். சோளம், சூரியகாந்தி விதை, வண்ணத் துண்டுகள் கலந்தது அழகாக இருக்கும். முயல் இனிப்பானதைப் பொறுக்கித் தின்று மற்றதை விட்டுவிடும். அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 25 கிராமைத் தாண்டக் கூடாது. சாம்பல் நிற முயலுக்கு முதல் இரண்டு வாரம் பெலட்டே வேண்டாம். பெலட் இல்லாமல் முயல் நன்றாகவே வாழும்.

பின்புறத்தைச் சுத்தம் செய்யும்போது முழு முயலையும் குளிப்பாட்டாதீர்கள், நம் குளிரில் அதுவே ஆளைச் சாய்த்துவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியால் அந்த இடத்தை மட்டும் ஊறவைத்துத் துடைத்து, நன்றாக உலர்த்துங்கள். அழுக்கை அப்படியே விட்டால் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். கூட்டின் புழுக்கையை நாள் தவறாமல் அள்ளுங்கள். கொக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியின் முட்டைகள் ஈரத்தில் ஓரிரு நாள் கிடந்தபின்தான் தொற்றும் நிலையை அடைகின்றன. தினமும் அள்ளினால் அதற்குள் அவை வெளியே போய்விடும். மூன்று வாரம் ஒழுங்காகப் புல் கொடுத்தும் களி நிற்காவிட்டால், அன்று காலைப் புழுக்கையைச் சிறு டப்பாவில் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தெரிந்துவிடும். கோழிக்கு விற்கும் கொக்சிடியா மருந்தை நீங்களாக வாங்கிக் கலக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: இரண்டும் ஒரே பால்தானா என்று யாராவது பார்த்தார்களா? ஏழு மாதம் ஆகிவிட்டது. முயலின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 31 நாள். சாம்பல் நிறம் கொழுத்திருப்பதற்கு வேறு காரணமும் இருக்கலாம்! வைத்தியரிடம் போகும்போது இதையும் கேட்டுவிடுங்கள். புதிதாகக் குட்டி வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: எட்டு வாரம் ஆகுமுன் தாயிடமிருந்து பிரித்த குட்டியை வாங்காதீர்கள். வளர்ந்த முயலின் இரைப்பையில் கிருமியைக் கொல்லும் கடும் அமிலம் இருக்கும். பால்குடிக் குட்டியின் இரைப்பையில் அது இல்லை, தாய்ப்பால்தான் காவல். சந்தியில் கூடையில் வைத்து விற்கும் உள்ளங்கையளவு குட்டிகள் ஒரு வாரத்தில் கழிந்து சாவது அதனால்தான்.

12 மணி நேரம் எதையும் தின்னாமல், புழுக்கையும் போடாமல், மூலையில் முதுகைக் கூனி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தால், அது வலி. விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, தயிர் என்று எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். காதைத் தொட்டுப் பாருங்கள், சில்லிட்டிருந்தால் சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி அருகில் வையுங்கள். அருகில் முயல் பார்க்கும் வைத்தியர் கிடைக்காவிட்டால், பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. உங்கள் பக்கத்திலிருந்து பஸ்ஸில் சில மணி நேரம் ஆகும் என்பதால், முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் புல்லைப் பரப்பி, வெள்ளையையும் கூடவே வையுங்கள். பக்கத்தில் துணை இருந்தால் சாம்பல் நிறம் வழியில் ஒரு வாய் புல்லாவது கடிக்கும்.